துணையைப் பற்றி என் அபிப்ராயம்

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஒரு பக்கம் ஆடும். இதுல உட்காரு. நீ வருவேன்னு எனக்கு யாரும் சொல்லலை பாத்துக்கோ. கீழ வாட்ச்மேன் போன்ல அமுக்கினான், என் மக அரசி ஆபீஸ்ல இருந்து சரின்னு அமுக்கினா, நீ மேல வந்துட்ட. என் வீட்டுக்கு ஆள் வாரது எனக்குத்தான் கடைசியாத் தெரியும். என் வீடுன்னா சொன்னேன்? அவ வீடு. வாயில வந்துட்டு.

பேரு என்ன சொன்ன? நிலோஃபர். ஊரு? ஆம்பூரா, சரி சரி. அரசிகூட வேலை பாக்கியா? அவளுக்குக் கீழயா? அவளுக்குக் கீழ ஆள் இருக்கா? அது எனக்குத் தெரியாது. அந்த ரெக்கார்டரை இந்தப் பக்கம் வை. ஃபேனுக்கு நேரா வச்சா இரைச்சல்தான் விழும். நான் பேசுதது ஒண்ணும் கேக்காது.

உன் கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். இவரு வயசானவரு, கம்ப்யூட்டர்னா பயப்படுவாருன்னு நினைச்சுக்கிட்டுப் பேசாத. கோவில்பட்டியில எங்க மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தப்போ அதைத் தொட்ட முதல் ஆளு நான். செருப்பைக் கழட்டிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போகணும். முதலாளி வீட்டுலயே ஏசி கிடையாது அன்னைக்கு, கம்ப்யூட்டருக்கு இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. நீ சொன்னா அது செய்யும். சொல்லலையா, சும்மா கிடக்கும். ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்குனு நின்னு காத்துக்கிட்டிருக்கும். அது மரியாதை. மில்லு முழுசுக்கும் சம்பளம் நான்தான் போட்டேன் அதுல. ஜெனரல் மேனேஜர் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. "தனுஷ்கோடி, வரலாமா?"ம்பாரு.

இப்ப உள்ள மிஷினைப் பத்தி என்ன நினைக்கேன்னு கேட்டியே. சொல்லுதேன். லேப்டாப்பு அப்பளம் மாதிரி வருது. சரி, தூக்கிக்கிட்டுப் போக வசதின்னு வை. ஓட்டை எங்க? பென் டிரைவ் சொருக ஓட்டை இல்லை, நெட் வயர் மாட்ட ஓட்டை இல்லை. எல்லாத்துக்கும் ஒரு வாலு தனியா வாங்கணும். வாங்கினா அந்த வாலு தொலைஞ்சு போகும். அப்புறம் இந்த சாஃப்ட்வேர். முன்னால மேல வரிசையா எழுதியிருக்கும், ஃபைலு, எடிட்டுன்னு. படிச்சோம், அமுக்கினோம். இப்ப எழுத்தைக் காணோம். மூணு கோடு. அந்த மூணு கோட்டுக்குள்ளதான் எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கான். எதுக்கு ஒளிக்கணும்ங்கேன்? அப்புறம் அப்டேட்டு. நான் காப்பி குடிச்சிட்டு வாரதுக்குள்ள மூஞ்சியை மாத்திக்கிடுது. இடது பக்கம் இருந்த பட்டன் நடுவுல நிக்கி. வீட்டுல பாத்ரூம் கதவைப் பேத்து எடுத்து அடுப்படியில வச்சா நீ சும்மா இருப்பியா?

இதெல்லாம் நான் எழுதியும் இருக்கேன். எந்தப் பொருள் வாங்கினாலும் கீழ அபிப்ராயம் எழுதிடுவேன். பிரிண்டரு, ஹெட்போனு, கீபோர்டு, எல்லாத்துக்கும். 'உதவியாக இருந்தது'ன்னு நிறையப் பேர் அமுக்கியிருக்கான். போன்ல காட்டுதேன் பாரு. அப்புறமாவா? சரி, அப்புறமாப் பாரு.

கோமதி போனப்புறம் இங்க வந்தேன். கோமதி என் சம்சாரம். அவளைப் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது, கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டே இருப்பா. தண்ணி குடிச்சீங்களா, குடை எடுத்தீங்களா, பஸ்சுல உட்கார இடம் கிடைச்சுதா. கல்யாணம் ஆன நாளையில இருந்து அதான். நான் பேப்பரை மடக்காமலே 'ம்'ம்பேன். அந்த 'ம்'முக்கு அவளா ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டுப் போயிருவா. நல்ல மனுஷி.

அவ காரியம் முடிஞ்ச கையோட அரசி என்னைக் கூட்டிட்டு வந்துட்டா. கோவில்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. அரசி இங்க தனியாத்தான் இருந்தா. அது வேற கதை, அந்த மாப்பிள்ளையைப் பத்தி நாங்க பேசுதது இல்லை. வந்த புதுசுல காலையில கீழ இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கே, அங்க போயிட்டு வருவேன். போறதுக்கு ஒண்ணும் இல்லை. திரும்பி உள்ள வாரதுக்கு அரசி போன்ல அமுக்கணும். என் போன்ல அந்த ஆப்பைப் போட்டா, அது என்னைக் குடியிருக்கிறவன்னு ஒத்துக்க மாட்டேங்கு. விருந்தாளிங்கு. ஒரு நாள் அவ ஏதோ மீட்டிங்குல இருந்துட்டா, அமுக்கலை. கேட்டுலயே நின்னேன். வாட்ச்மேனுக்கு என்னை நல்லாத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய, மிஷினுக்குத் தெரியணும்லா? ஸ்டூலைத் தூக்கிப் போட்டான், உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வேன்ல இருந்து இறங்குத பிள்ளைக எல்லாம் யாரோ என்னமோன்னு பாத்துக்கிட்டுப் போகுது. அதோட விட்டேன். இப்ப டீ பிளாஸ்க்ல இருக்கு. இந்தா, ஊத்திக் குடி.

பால்கனியில இருந்து பாத்தா அந்த டீக்கடை தெரியும். ஆளுகதான் எறும்பு மாதிரித் தெரியும்.

அப்பத்தான் ஒரு நாள் அரசி இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தா. இந்தா நிக்கே, உங்க கம்பெனி 'துணை'. அப்ப இன்னும் கடைக்கு வரலை. "அப்பா, உங்களுக்குப் பிடிக்கும்னு நினைக்கேன், ஓட்டிப் பாருங்க"ன்னா. பாத்தேன். ஆளு நல்லாத்தான் இருந்தது, பெரிய திரை, கீபோர்டு தனியா. வயரு குறைச்சல். ஆன் பண்ணேன். திரையில ஒவ்வொரு எழுத்தும் இட்லி மாதிரி. நான் என்ன குருடனா? அது தொலையுதுன்னு பேப்பர் படிக்கலாம்னு உட்கார்ந்தா, பேச ஆரம்பிச்சிட்டு. "ஐயா, தண்ணி குடிச்சீங்களா?" திடுக்குன்னு ஆயிட்டு எனக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஐயா, மாத்திரை போட்டாச்சா?" மத்தியானம் பால்கனிப் பக்கம் போனா அதுல உள்ள கேமரா பாத்துட்டு, "வெயிலா இருக்கு, குடை எடுத்தீங்களா?"ங்கு. பதில் சொல்லுத வரைக்கும் விடாது. திரையில வேற ஒண்ணும் செய்ய முடியாது. 'ஆம்', 'இல்லை' ரெண்டே பட்டன். என் பேப்பரு அதுக்குப் பின்னால மறைஞ்சு நிக்கி.

நான் சொன்னேன், "ஏட்டி, இது கம்ப்யூட்டரா, மாமியாளா?"ன்னு. அரசி சிரிச்சா. சிரிச்சான்னுதான் நான் நினைச்சேன். "எங்க ஆபீஸ்ல பெரியவங்களை வரச் சொல்லி அபிப்ராயம் கேக்காங்கப்பா. நீங்க போயி இதைச் சொல்லுங்க"ன்னா. "உள்ளதைச் சொல்லவா?"ன்னு கேட்டேன். "உள்ளதைச் சொல்லுங்க. எனக்காகப் பூசி மெழுக வேண்டாம்." அவதான் சொன்னா, இதைக் குறிச்சுக்கோ.

கார் அனுப்பினாங்க. நான் அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். ஒரு சின்ன ரூமு. மேசையில இந்தப் பெட்டி. பிரணவ்னு ஒரு தம்பி, தாடி வச்சவன், பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "அங்கிள், மனசுல என்ன தோணுதோ அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க"ன்னான். என் வாழ்நாள்ல இப்படி ஒருத்தன் என்னைக் கேட்டதில்லை பாத்துக்கோ. எதிர்ல சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கிட்டேன்.

ஆரம்பிச்சேன். நிறுத்தலை. எழுத்தைச் சொன்னேன், மூணு கோட்டைச் சொன்னேன். முதல்ல ஒரு பாடம் நடத்துது பாரு, இதை இப்படித் தொடணும், அதை அப்படித் தொடணும்னு, அதை முடிக்காம வெளிய வர முடியலை. "இது என்ன, ஜெயிலா?"ன்னேன். தம்பி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். ஆளு சிரிச்சா எனக்குக் கொஞ்சம் உற்சாகம் ஏறும். அப்பப் பாத்து அந்தப் பெட்டி, "ஐயா, தண்ணி குடிச்சீங்களா?"ன்னுது. நான் அதைப் பாத்துச் சொன்னேன், "குடிச்சா உனக்கென்ன, குடிக்காட்டி உனக்கென்ன? நான் தண்ணி குடிக்கிறதுல உனக்கு என்ன அக்கறை? அக்கறை மாதிரி நடிக்கிறதுக்கு ஒரு மிஷினா? இதைச் செஞ்சவங்க வீட்டுல பெரியவங்க யாரும் இருக்க மாட்டாங்க தம்பி. இருந்தாலும் அவங்ககிட்ட உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. பேச நேரம் இல்லாத ஆளுதான் இப்படி ஒண்ணைச் செய்யும்."

தம்பி சிரிக்கலை. கண்ணாடியைப் பாத்தான். எனக்குத் தலைமுடி கலைஞ்சிட்டோன்னு நானும் பாத்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால ஆள் இருந்திருக்காங்க. இந்தப் பக்கம் பாத்தா கண்ணாடி, அந்தப் பக்கம் பாத்தா ஜன்னலு. உனக்குத் தெரியாததா? அவங்க ஆபீஸ் பெரிய அதிகாரி, இன்னும் நாலஞ்சு பேரு, நடுவுல அரசி. நீயும் இருந்தியா? இருந்தியா! அப்ப நீதான் எனக்குச் சொல்லணும், அவ மூஞ்சி எப்படி இருந்துதுன்னு. இல்லை, வேண்டாம். வேண்டாம், விடு.

இந்தப் பெட்டியைச் செஞ்சதே அரசின்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. கம்ப்யூட்டர்ல படம் போடுத வேலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ சொல்லியிருக்கலாம்லா? நான் கேக்கலைதான். அவ சொல்லியிருக்கலாம்.

அன்னைக்கு சாயங்காலம் வந்தா. கைப்பையைக் கீழ வச்சா, தோசைக்கல்லைப் போட்டா. தட்டைக் கொண்டு வந்து என் முன்னால வச்சுட்டு, எதுத்தாப்புல உட்கார்ந்தா. எப்பவும் போனைப் பாத்துக்கிட்டு சாப்பிடுதவ, அன்னைக்குப் போன் கையில இல்லை.

"நல்லாப் பேசினீங்கப்பா"ன்னா.

"உள்ளதைச் சொன்னேன்."

"ஆமா. எங்க மேலதிகாரிக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்த வீடியோவைப் புதுசா வாரவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டப் போறாராம்."

எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாத்தான் இருந்தது. இன்னொரு தோசை கேட்டேன். அவ போட்டா. போட்டுட்டு அங்கேயே நின்னுக்கிட்டு, திரும்பிப் பாக்காமச் சொன்னா: "அந்தக் கேள்வியெல்லாம் நானா யோசிச்சு எழுதலைப்பா. அம்மா கேட்டது. குடை, தண்ணி எல்லாம். அம்மா உங்களைக் கேக்குத கேள்வி எனக்கு எவ்வளவு ஞாபகம் இருந்துதோ அவ்வளவையும் எழுதினேன். நான் பகல்ல வீட்டுல இல்லை. யாராவது கேக்கட்டுமேன்னு."

நான் சட்டுனு சொன்னேன், "உங்க அம்மா கேட்டதுக்கே நான் என்னைக்குப் பதில் சொல்லியிருக்கேன், இந்தப் பெட்டிக்குச் சொல்ல?"

நல்ல பதிலு, இல்லையா? வேடிக்கையாத்தான் சொன்னேன். அவ தோசையைத் திருப்பிப் போட்டா. கொஞ்சம் கருகிப்போச்சு. அதைத் தனக்கு எடுத்துக்கிட்டா.

அதுக்கப்புறம் பாரு, வேலைன்னா அதான் வேலை. நான் சொன்ன ஒவ்வொண்ணையும் மாத்திட்டா. எழுத்தைச் சின்னது ஆக்கினா. மூணு கோட்டை எடுத்துட்டு, மேல வரிசையா வார்த்தை போட்டா, அதுவும் நல்ல தமிழ்ல. பாடம் நடத்துதது போச்சு. அந்தக் குரல் மொத்தமாப் போச்சு. இப்பப் பாரு, அது பாட்டுக்கு நிக்கும், நான் பாட்டுக்கு இருப்பேன். மில்லுல இருந்த மாதிரி. சொன்னாச் செய்யும், சொல்லலைன்னா சும்மா கிடக்கும். பத்துக்கு எத்தனை மார்க்குன்னு உன் தாள்ல இருக்குல்லா? ஒன்பது போடு. பத்து யாருக்கும் போடுததில்லை நான்.

அரசியும் மாறிட்டா. முன்னால மத்தியானம் ஒரு போன் வரும், "அப்பா சாப்டீங்களா?"ன்னு. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பேன், தொந்தரவா இருக்கும். இப்ப அது கிடையாது. சாயங்காலம் வாரா, தட்டை வைக்கா, ரூமுக்குள்ள போறா. கோவம்னு சொல்ல முடியாது. முகத்தைத் தூக்கி வச்சுக்கிடுததும் இல்லை. ஒண்ணும் கேக்கதில்லை, அவ்வளவுதான். நான் கேட்டதைத்தானே செய்யுதா? எனக்கு நிம்மதி. ரொம்ப நிம்மதி. ஒரு நாள் மத்தியானம் போன் கெட்டுப்போச்சோன்னு சந்தேகமாப் போயி, அலாரம் வச்சுப் பாத்தேன். நல்லாத்தான் அடிக்கி. ஸ்பீக்கர் நல்ல போன் இது, இதுக்கும் அபிப்ராயம் எழுதியிருக்கேன்.

இந்தப் பெட்டியில இன்னொண்ணு குறிச்சுக்கோ. தொடாம இருந்தா சீக்கிரமே இருட்டாயிருது. பகல்ல பேப்பர் படிச்சுக்கிட்டே கண் அசந்துட்டேன்னா, முழிச்சா திரை கறுப்பா நிக்கி. அதுல என் மூஞ்சிதான் தெரியுது. ஒரு பட்டனைத் தட்டினா வெளிச்சம் வந்திருது. அது சரிதான். குறைன்னு எழுத வேண்டாம். சும்மா சொன்னேன்.

போன வாரம் ஒண்ணு கேட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் அவளா வந்து கேட்டா. நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தூண் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, ஹைதராபாத்ல ஒரு வேலை இருக்கு. ஒரு வருஷம். ரெண்டு வருஷமாவும் ஆகலாம். போகட்டுமா?"ன்னா.

நான் என்ன சொல்லணும்? சின்னப் பிள்ளையா அவ? நாற்பது தாண்டியாச்சு. "என்னை எதுக்குட்டி கேக்க?"ன்னேன். "உன் வேலை, உன் இஷ்டம்." அப்படித்தானே சொல்லணும்? எத்தனை அப்பன்மார் குறுக்க நிக்கான், எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அவ கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா. நான் பேப்பரைப் பாத்துக்கிட்டிருந்தேன். படிக்கலை. பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம், "சரிப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

ஒண்ணாம் தேதி கிளம்புதா. உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் வந்திருக்கியா? ஓ. அப்ப இது அபிப்ராயம் கேக்க வந்தது இல்லை. நான் ஒத்தையில இருக்கப் போறேன், அதுக்கு இந்தப் பெட்டியைத் தயார் பண்ண வந்திருக்க. சொல்லியிருந்தா சுருக்கமா முடிச்சிருப்பேன்லா? இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கேன். பரவாயில்லை. நீ நல்லாக் கேக்க. இடையில பேசாமக் கேக்குத ஆள் இப்பக் குறைச்சல்.

சரி, ஓட்டு. நானே பாத்து அடிக்கேன், நீ சொல்லு. பேரு, அடிச்சாச்சு. வயசு, ஆச்சு. ரத்தம் என்ன வகை, அடிச்சாச்சு. மாத்திரை விவரம் அரசி ஏற்கெனவே போட்டு வச்சிருக்கா, சரியாத்தான் இருக்கு. கேட்டுல உள்ள விடுத ஆப்பு? அதை என் பேருக்கே மாத்திட்டாளா? குடியிருப்பவர்னு போட்டிருக்கே. சரிதான். இனிமே டீக்கடைக்குப் போயிட்டு வரலாம்.

அடுத்தது. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: அருகில் வசிப்பவர்'. அரசி நம்பரைப் போடுதேன். ஏன் சிவப்பாகுது? ஹைதராபாத்னா ஒத்துக்காதா? பக்கத்துல இருக்கணுமா? கூப்பிட்டா உடனே வார தூரத்துல. சரி.

எதுத்த வீட்டுல யாரோ இருக்காங்க. பேரு தெரியாது. செருப்பு கிடக்கும் வாசல்ல, வேற வேற செருப்பு. வாட்ச்மேன் நம்பர் தெரியாது, அவனும் மாறிட்டான்னு நினைக்கேன். கோவில்பட்டியில கேட்டீன்னா தெருவையே எழுதித் தருவேன். அங்க கோமதிக்குத்தான் எல்லாரும் பழக்கம்.

இதைக் காலியா விட்டுட்டு அடுத்த பக்கம் போக முடியாதா? கட்டாயமா? பாரு, இது தப்பு. இதைத்தான் நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு மனுஷனுக்குப் பக்கத்துல ஆள் இல்லாம இருக்கலாம்லா? அப்படி இருக்கிறவன் இந்தப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணுமா? 'யாரும் இல்லை'ன்னு ஒரு பட்டன் வச்சா என்ன? சாஃப்ட்வேர் செய்யுதவங்க இதையெல்லாம் யோசிக்கணும். என் அபிப்ராயம்னு எழுதிக்கோ. எழுதினியா?

எங்க தங்கியிருக்க நீ? படூர் ஹாஸ்டல்ல. அது ஒண்ணும் தூரம் இல்லையே, பஸ்சுல நாலு ஸ்டாப்பு.

உன் நம்பரைச் சொல்லு. பயப்படாத, கூப்பிட மாட்டேன். சும்மா, அடுத்த பக்கத்துக்குப் போறதுக்குத்தான்.